குடிபுகும் அனுமதி யாருக்கு உரியது?

வீடு கட்டி முடித்தவர்கள் பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறித்து, நிலைவாசலில் மாவிலைத் தோரணம் கட்டி, கணபதி ஹோமம் செய்து, பால் காய்ச்சி, உற்றார் உறவினரோடு உண்டு களித்துக் குடிபுகுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். தலைநகரில் வாழும் தமிழர்களும், கரோல்பாக்கிலோ மயூர் விகாரிலோ துவாரகாவிலோ ஒரு தளம் வாங்கினால், இந்தச் சம்பிரதாயத்தில் ஓர் அம்சத்தையும் குறைப்பதில்லை. ஆயினும், அந்தக் கட்டடத்தில் மனிதர் வசிக்கலாம் என்று நகரத்தின் அதிகாரம் பெற்ற ஸ்தாபனம் எழுத்து மூலம் சம்மதம் தந்திருக்கிறதா என்ற கேள்வியை, ஹோமத்துக்கு வந்தவர்களில் ஒருவரும் கேட்பதில்லை. வாடகைக்கு வருபவரோ, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மின்சார மீட்டர் தனியாக உண்டா, மெட்ரோ நிலையம் எவ்வளவு தூரம் என்பவற்றையெல்லாம் துருவித் துருவி விசாரித்துவிட்டு, இதை விசாரிக்க வேண்டும் என்ற நினைவே எழாமல் முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அவருடைய அலட்சியத்தைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் கேட்டாலும் பதில் கிடைக்காத விதத்திலேயே இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பதைப் பொதுமக்களின் கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டத்தில் தெளிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1957-ஆம் ஆண்டின் டில்லி மாநகராட்சிச் சட்டம், கட்டட வேலை முடிந்த ஒரு மாத காலத்துக்குள் அதைக் கட்டியவர் ஆணையருக்கு நிறைவு அறிவிப்பைச் சமர்ப்பிக்க வேண்டும் என்றும், அனுமதி கிடைக்கும் வரையில் அதில் எவரும் குடியேறலாகாது, எவரையும் குடியேற விடவும் ஆகாது என்றும் தன் 346-ஆவது பிரிவில் ஐயத்துக்கு இடமின்றி விதிக்கிறது. அதை அடுத்து வரும் 347-ஆவது பிரிவு, ஒரு காரியத்துக்கென்று அனுமதிக்கப்பட்ட கட்டடத்தை முன் அனுமதியின்றி வேறு காரியத்துக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்கிறது. 2016-இல் பிரசுரமான டில்லி ஒருங்கிணைந்த கட்டட விதிகள், வேலை முடிந்ததற்கான அத்தாட்சியையும் குடியிருப்பதற்கான அனுமதியையும் ஒரே சான்றிதழாக இணைத்து, அதைப் பெறும் மார்க்கத்தையும் வகுத்துத் தந்தன. மாநகராட்சியின் எல்லையில் மாநகராட்சியும், டில்லி வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பிலுள்ள பகுதிகளில் அந்த ஆணையமும் இதை வழங்குகின்றன.

அனுமதி கோருபவர், கட்டடக் கலைஞரின் உறுதிமொழியோடு, உள்ளபடியே கட்டி முடித்ததைக் காட்டும் வரைபடத்தையும் சமர்ப்பிக்க வேண்டும். 15 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட குடியிருப்பாக இருந்தால் தீயணைப்புத் துறையின் சான்றும் வேண்டும். மனையைச் சுற்றி விட வேண்டிய வெற்றிடம் விடப்பட்டிருக்கிறதா, அனுமதித்த மாடிகளுக்கு மேல் இன்னொரு மாடி முளைத்திருக்கிறதா, கார் நிறுத்துவதற்காகத் தூண்களுக்கிடையே விட்ட தரைத்தளத்தில் சுவர் எழுப்பிக் கடை வைத்திருக்கிறார்களா, மாடிப்படி விதித்த அகலத்துக்கு இருக்கிறதா, மழைநீரைச் சேகரிக்க வழி உண்டா என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை நேரில் பார்த்து விடை காண்பதே இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி. கட்டுவதற்கு முன் தரும் அனுமதி ஒரு சங்கற்பத்துக்குத் தரும் அனுமதிதான். அந்தச் சங்கற்பம் சொன்னபடி நிறைவேறியதா என்று பார்க்கக் கிடைக்கும் கடைசிச் சந்தர்ப்பம், ஆட்கள் குடியேறுவதற்கு முந்திய இந்தத் தருணமே. குடும்பங்கள் வந்து சேர்ந்தபின் கட்டடத்தின் எந்தக் குறையும் மனிதர்களின் வாழ்க்கையோடு பின்னிப் போகிறது. பிறகு அதை இடிப்பதும் கொடுமை, விட்டுவிடுவதும் கொடுமை.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும் விபத்துகள் நேர்வது ஏன்? சான்றிதழ் இல்லாததால்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 2024-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி பழைய ராஜிந்தர் நகரில் நேர்ந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தப் பதில் போதாது என்பது விளங்கும். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் பயிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும், தமிழகத்திலிருந்தும், வந்து தங்கும் வட்டாரம் அது. அங்கே ஒரு பயிற்சி நிலையத்தின் நிலத்தடித் தளத்தில் நூலகம் நடந்துவந்தது. அன்று மாலை பெய்த மழையில் தெரு வெள்ளமாகி, அந்த வெள்ளம் நிலத்தடியில் புகுந்து, படித்துக்கொண்டிருந்தவர்களில் மூவரை மூழ்கடித்தது. அந்தக் கட்டடத்துக்குச் சான்றிதழ் இருந்தது. 2021 ஆகஸ்டில் மாநகராட்சி வழங்கிய அந்தச் சான்றிதழில், நிலத்தடித் தளம் வாகனங்களை நிறுத்துவதற்கும் பொருள்களைச் சேமித்து வைப்பதற்கும் மட்டுமே உரியது என்பது எழுதப்பட்டும் இருந்தது. மனிதர்கள் உட்கார்ந்து படிப்பதற்கு அந்த இடம் ஏற்றதல்ல என்ற உண்மையை அறிந்திருந்த காகிதம் அலுவலகத்துக் கோப்பில் உறங்க, அதை அறிந்திருக்க வேண்டியவர்கள் அந்த உண்மைக்குக் கீழேயே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

என் அபிப்பிராயத்தில், டில்லியின் கட்டட நிர்வாகத்தில் உள்ள மூலதோஷம் இதுவே. குடிபுகும் அனுமதியைக் கட்டியவருக்கும் அதிகாரிக்கும் இடையே நடந்து முடிகிற ஒரு விவகாரமாக நாம் கருதிவிட்டோம். விண்ணப்பிப்பவர் அவர், வழங்குபவர் இவர். கட்டணமும் அபராதமும் மேல்முறையீடும் அவ்விருவருக்கும் இடையிலேயே நிகழ்கின்றன. ஆனால் இந்த அனுமதி யாருடைய நன்மைக்காக ஏற்பட்டதோ, அந்த மூன்றாமவர், அதாவது அங்கே உறங்குபவர், படிப்பவர், வேலை செய்பவர், சிகிச்சைக்குப் படுத்திருப்பவர், இந்த விவகாரத்தில் ஒரு பட்சமாகவே கணக்கிடப்படுவதில்லை. மருந்துப் புட்டியின் மேல் ஒட்ட வேண்டிய சீட்டை, மருந்து தயாரித்தவரின் இரும்புப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, அருந்துபவரின் ஆரோக்கியத்துக்குப் பூரணமான பாதுகாப்பு அளித்துவிட்டோம் என்று திருப்தி அடைவதற்கும் இதற்கும் பேதம் இல்லை.

இது இன்று நேற்று வந்த நிலையும் அல்ல. 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி, கிரீன் பார்க்கில் உள்ள உபஹார் திரையரங்கில் தீப்பற்றியபோது, தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியிலிருந்து எழுந்த புகை பால்கனியைச் சூழ்ந்து, 59 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். பால்கனியில் மேலதிக இருக்கைகளைச் சேர்த்ததனால் வெளியேறும் வழிகள் குறுகியதும், ஒருபுறத்து வழி அடைபட்டிருந்ததும் பின்னர் நீதிமன்றங்களில் நிரூபணமாயின. பற்பல துறைகள் வந்து பார்த்துக் கையொப்பமிட்ட அரங்கம் அது. டிக்கெட் வாங்கி உள்ளே சென்ற ஒருவருக்கேனும், தாம் உட்காரும் நாற்காலி மூல வரைபடத்தில் இருக்கிறதா, அங்கே ஒரு வாசல் இருந்திருக்க வேண்டுமா என்று அறிந்துகொள்ள மார்க்கம் இருந்ததில்லை. இறந்தவர்களின் குடும்பத்தார் சங்கம் அமைத்துப் பல்லாண்டுகள் வழக்காடியதன் பலனாகவே, அந்த வரைபடங்களும் உத்தரவுகளும் உலகறிய வெளிவந்தன. விபத்துக்குப் பின்னர் நீதிமன்றத்தில் படிக்கப்படுகிற ஆவணத்தை, விபத்துக்கு முன்னர் வாசலிலேயே படிக்க முடிந்தால் என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு, இந்த இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரும் சமாதானம் கூறவில்லை.

மூன்றாமவரை மறந்துவிட்ட மனப்பான்மை சட்டத்தின் வாசகத்திலேயே படிந்திருக்கிறது. நிறைவு அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் ஆணையர் மறுப்புத் தெரிவிக்காவிடில், அனுமதி தரப்பட்டதாகவே கருதப்படும் என்று 346-ஆவது பிரிவு கூறுகிறது. சோம்பேறி அதிகாரியிடமிருந்தும், பணம் வரும் வரை கோப்பை நகர்த்தாத அதிகாரியிடமிருந்தும் வீட்டுக்காரரைக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் ஏற்பட்ட விதி இது. அந்த நோக்கத்தை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். ஆனால் மௌனம் சம்மதமாகும்போது அதன் பலன் கட்டியவருக்குப் போகிறது, அதன் அபாயம் மட்டும் குடியிருப்பவரின் தலையில் இறங்குகிறது. பார்வையிடப்படாத கட்டடமும் பார்வையிடப்பட்ட கட்டடமும் ஒரே அந்தஸ்தைப் பெறுகின்றன. எது எந்த வகை என்று குடிவருபவருக்குத் தெரியவும் வழியில்லை. காலக்கெடு இருக்கட்டும். கெடு தவறியதன் தண்டனை, கடமை தவறிய அதிகாரியின் பணிப் பதிவேட்டில் விழ வேண்டுமே அல்லாமல், முன்பின் அறியாத குடித்தனக்காரரின் உயிரின்மேல் விழலாகாது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு. சான்றிதழ் என்பதே லஞ்சத்துக்குத் திறந்துவிட்ட இன்னொரு வாசல், அதற்கு முக்கியத்துவம் கூடக் கூட விலையும் கூடும் என்பது முதலாவது. அனுபவஸ்தர்கள் சொல்லும் வார்த்தையாதலால் அதை அலட்சியம் செய்ய முடியாது. எனினும் லஞ்சம் எங்கே செழிக்கிறது என்று சற்று யோசித்தால், ரகசியம் உள்ள இடத்தில்தான் என்பது புலப்படும். பொய்யான ஒரு சான்றிதழ் கோப்பில் கிடக்கும் வரையில் அதைப் பொய் என்று அறிந்தவர்கள் இருவரே. அதே சான்றிதழ் வாசலில் தொங்குமானால், நான்கு மாடி என்று எழுதியிருக்கும் பலகைக்கு மேலே ஐந்தாவது மாடியை அண்ணாந்து பார்க்கிற ஒவ்வொரு வழிப்போக்கரும் சாட்சியாகிவிடுகிறார். அத்தனை சாட்சிகளுக்கு முன்னால் பொய்க் கையொப்பமிடத் துணிகிறவர்கள் எல்லாத் துறைகளிலும் சொற்பமாகவே இருப்பார்கள்.

சான்றிதழ் பெற்ற கட்டடங்களும் பழுதாகின்றனவே, பின்பு அதனால் என்ன பிரயோஜனம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்கு உதாரணங்களுக்கும் பஞ்சமில்லை. டில்லி வளர்ச்சி ஆணையமே முகர்ஜி நகரில் கட்டி விற்ற சிக்னேச்சர் வியூ குடியிருப்பின் 336 வீடுகள், மக்கள் குடியேறிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆன நிலையில், டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வில் வசிக்கத் தகாதவை என்று கண்டறியப்பட்டன. அவற்றைக் காலி செய்து இடித்துக் கட்டலாம் என்று உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எல்லைக்கு அப்பால் குருகிராமத்தில், முறைப்படி குடிபுகும் அனுமதி பெற்றிருந்த சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பின் ஒரு கோபுரத்தில், 2022 பிப்ரவரி 10-ஆம் தேதி தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழுந்து இருவர் உயிரிழந்தனர். கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்து இரும்புக் கம்பிகள் அரிக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு கூறியது. இவ்விரண்டு சம்பவங்களும் சான்றிதழ் வீண் என்பதை ருசுப்படுத்தவில்லை. ஒருமுறை வழங்கிவிட்டால் அது சாசுவதம் என்று நினைப்பதுதான் வீண் என்பதை ருசுப்படுத்துகின்றன. டில்லியில் தீப்பாதுகாப்புச் சான்றுக்குக் குடியிருப்புகளுக்கு ஐந்து ஆண்டுகளும் மற்றவற்றுக்கு மூன்று ஆண்டுகளும் ஆயுள் வகுத்திருக்கிறார்கள். தீக்கு அஞ்சி இவ்வளவு ஜாக்கிரதை காட்டுகிற நிர்வாகம், பூகம்ப அபாயத்தில் நான்காம் மண்டலத்தில் சேர்த்து எண்ணப்படும் இந்நகரத்தில், தூண்களும் உத்தரங்களும் தளங்களும் ஒருமுறை பார்த்தாலே போதும் என்று இருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் படிப்படியாக மூன்றாமவரின் பக்கம் வந்திருக்கிறது. மும்பையில் 1997 முதல் வசித்தும் கட்டியவர் குடிபுகும் அனுமதி பெற்றுத் தராததால், சொத்து வரியையும் தண்ணீர்க் கட்டணத்தையும் அதிக விகிதத்தில் செலுத்திவந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், அந்த அனுமதியைப் பெற்றுத் தராதது நுகர்வோருக்குச் செய்யும் சேவைக் குறைபாடே என்று 2022 ஜனவரியில் அது தீர்ப்புக் கூறியது. பின்னர் 2024 டிசம்பர் 17-ஆம் தேதி, மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுப்பப்பட்ட வணிகக் கட்டடம் சம்பந்தமான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற நீதிபதி ஆர். மகாதேவனும் நீதிபதி ஜே.பி. பர்திவாலாவும் அடங்கிய அமர்வு, நாடு முழுவதற்குமான உத்தரவுகளைப் பிறப்பித்தது. வேலை நடக்கும் காலமெல்லாம் அனுமதிபெற்ற வரைபடத்தைக் கட்டுமிடத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்; நிறைவுச் சான்றிதழைக் கண்டபின்பே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்புகளைத் தர வேண்டும்; வங்கிகளும் அதைச் சரிபார்த்த பின்பே கட்டடத்தின் பேரில் கடன் வழங்க வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் இந்தச் சான்றிதழைப் பெறும் பொறுப்பைக் கட்டி விற்பவர்மேலேயே சுமத்தியிருக்கிறது. வீட்டை விலைக்கு வாங்குபவருக்கு இவை பெரிய அனுகூலங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டும்போது காட்ட வேண்டிய வரைபடத்தைக் கட்டிய பின்பு கழற்றி எடுத்துவிடலாம் என்ற நிலை இன்னும் இருக்கிறது. வாங்காமல் வாடகைக்கு இருப்பவரும், மாதக் கட்டணம் செலுத்திப் படிக்க வருபவரும் இன்னும் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார்கள்.

இங்கே வேறொரு தர்மசங்கடமும் உண்டு. மின்சாரத்தையும் தண்ணீரையும் சான்றிதழோடு முடிச்சுப் போட்டுவிடலாம் என்பது காகிதத்தில் அழகாகத் தோன்றும். ஆனால் டில்லியில் அதிகாரபூர்வமாகவே 1,731 அங்கீகாரமற்ற காலனிகள் கணக்கெடுக்கப்பட்டு, அவற்றில் சுமார் 40 லட்சம் மக்கள் வசிப்பதாக மத்திய அரசே 2019-இல் கூறியது. அவ்வாண்டு இயற்றிய சட்டம் அவர்களுக்கு மனையின்மேல் சொத்துரிமை பெற வழி செய்தது. 2006-இல் ஓராண்டுக்கென்று தொடங்கி மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு இன்று 2026 டிசம்பர் வரை நிற்கும் மற்றொரு சட்டம், அவர்களுடைய வீடுகளை இடிப்பிலிருந்து காக்கிறது. சொத்துரிமை கிடைத்தது, இடிப்பிலிருந்து அபயமும் கிடைத்தது. அந்தச் சுவர் நிற்குமா என்று யாரும் பார்க்கவில்லை. 2010 நவம்பர் 15-ஆம் தேதி லட்சுமி நகரை அடுத்த லலிதா பார்க்கில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்த ஏழைகளே. அத்தகையவர்களின் விளக்கையும் குழாயையும் அறுத்து அவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதாகச் சொல்வது பரிகாசம். வரைபட மீறல் என்ற பிரச்சினையையும் உயிர் அபாயம் என்ற பிரச்சினையையும் வேறாகப் பிரித்து, பழைய காலனிகளின் கட்டடங்களுக்கு உறுதியையும் வெளியேறும் வழியையும் மட்டும் சோதித்து வழங்கும் ஒரு பாதுகாப்புச் சான்றை, கட்டணமின்றியோ சொற்பக் கட்டணத்திலோ ஏற்படுத்துவதே நியாயமான மார்க்கம். அபாயமுள்ளதென்று கண்டால் வீட்டுக்காரருக்குச் செப்பனிடக் கடனும், குடித்தனக்காரருக்கு மாற்று இருப்பிடமும் தர வேண்டியது அரசின் பொறுப்பாகும்.

தமிழகத்தில் உள்ளவர்கள் இதை டில்லியின் தலைவலி என்று எண்ணி ஆறுதல் கொள்ள வேண்டாம். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். பிள்ளைகளைக் காலையில் வாசலில் விட்டுச் சென்ற பெற்றோரில் எவருக்கும் அந்தக் கட்டடத்தின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ளும் வசதி இருந்ததில்லை. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், சிறு வீடுகளுக்கு விலக்களித்து, ஏனையவை நிறைவுச் சான்றிதழ் காட்டினாலன்றி இணைப்புகள் பெற முடியாதபடி செய்திருப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் அங்கும் சான்றிதழ் கோப்பில்தான் குடியிருக்கிறது.

ஆகவே நான் வேண்டுவது புதியதொரு பெருஞ்சட்டம் அல்ல. பலர் கூடி வாழும், பயிலும், வேலை செய்யும் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும், அனுமதி வழங்கிய தேதி, அனுமதித்த மாடிகளின் எண்ணிக்கை, நிலத்தடியும் தரைத்தளமும் உள்பட ஒவ்வொரு தளமும் எந்த உபயோகத்துக்கு உரியது என்ற விவரம், தீப்பாதுகாப்புச் சான்றின் முடிவு தேதி ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு பலகை வேண்டும். நேரில் பார்க்காமல் கெடு தவறியதால் மட்டும் கிடைத்த அனுமதியாயின், அதையும் ஒளிக்காமல் அந்தப் பலகையிலேயே குறிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தோடு இதன் நகல் ஒன்றை இணைப்பது கட்டாயமாக வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டடத்தின் உறுதியைச் சுதந்திரமான பொறியாளர் ஒருவர் சோதித்து, தம் பெயரோடு பலகையில் பதிவு செய்ய வேண்டும். பலகைக்கும் கட்டடத்துக்கும் முரண்பாடு கண்டு முறையிடும் குடித்தனக்காரரை, அந்த வழக்கு முடியும் வரை வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்ற பாதுகாப்பும் வேண்டும். அஃதின்றேல் உண்மையைப் படித்தும் வாய் திறக்க யாரும் துணிய மாட்டார்கள்.

இவற்றில் முதலாவதற்கு ஆகும் செலவு ஒரு தகரப் பலகையும் சிறிது வர்ணமும்தான். தனியார்மேல் இதைச் சுமத்துவதற்கு முன்னர், மாநகராட்சி தன் சொந்தப் பள்ளிகள், மருத்துவமனைகள், சந்தைகளின் வாசல்களிலும், தன் தலைமை அலுவலகமாகிய சிவிக் சென்டரின் வாசலிலும் அத்தகைய பலகைகளை மாட்டி, அவற்றில் எழுதியிருப்பதும் உள்ளே நடப்பதும் ஒன்றுதானா என்று சோதித்துப் பார்க்கும்படி பிரஜைகளை அழைக்கட்டும். அந்த அழைப்பை விடுக்கத் தயங்கினால், எந்தக் கட்டடத்துக்கு முதலில் பரிசோதனை தேவைப்படுகிறது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.